விட்ட மீனின் நீளம்

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்தாறு. குருவுக்கு நீச்சல் தெரியாது. வள்ளத்தில் ஏறினால் வாந்தி வரும். இருந்தாலும் அவர்தான் குரு. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு சண்டை இல்லை.

குருவின் பெயர் மங்கையர்க்கரசி. பிறந்தது ஒட்டன்சத்திரம் பக்கம், முருங்கைக்காய் விளைகிற ஊரில். மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்துச் சேந்தங்காயலுக்கு வந்த பிறகுதான் கொடுவா மீன் உயிரோடு துள்ளுவதைப் பார்த்தார். வந்த நாள் முதல் ஒரு மரப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு, கரைக்கு வரும் மீனையெல்லாம் வாயிலிருந்து வால் வரை அளந்து நோட்டில் எழுதினார். கரை நெடுக நாற்பது ஊருக்கு அவர்தான் அளவு எடுக்கிறவர் என்றாலும் குடியிருந்தது சேந்தங்காயலில். ஊர் அவருக்கு அளவுக்காரம்மா என்று பெயர் வைத்தது. கேலிக்கு வைத்த பெயர், ஏழு வருஷத்தில் மரியாதையாகிவிட்டது.

சீடர் இஞ்ஞாசி. சொந்த வள்ளம், சொந்தத் தூண்டில், சொந்தக் கோபம் எல்லாம் உள்ளவர். காயலில் அவரைப் போலக் கொடுவா பிடிக்க ஆள் கிடையாது. அளவுக்காரம்மாவிடம் அவர் முதலில் வந்தது பாடம் கேட்க அல்ல, சண்டை போட.

"மீன அளந்தா மீன் பெருகுமா?" என்று கேட்டார்.

"இத்தனை வருஷமா அளக்காம இருந்தீங்களே அண்ணாச்சி. பெருகிச்சா?"

இஞ்ஞாசி போய்விட்டார். மறுநாள் மறுபடியும் வந்து, பலகைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அப்படித்தான் சீடரானார்.

இரண்டடிக்குக் குறைந்த கொடுவாவைப் பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது அளவுக்காரம்மா சொன்ன முதல் பாடம். ஒரு தடவையாவது இனம் பெருக்கிய பிறகுதான் மீன் கரைக்கு வர வேண்டும் என்றார். ஊர் ஒரு மாதம் சண்டை போட்டது. பிறகு ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டபின் சேந்தங்காயல்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது. எல்லா வள்ளத்திலும் துடுப்பின் நுனியிலிருந்து இரண்டடி அளந்து சிவப்புப் பெயின்டில் கோடு போட்டார்கள். மீனைத் துடுப்பில் வைத்துப் பார்ப்பார்கள். கோட்டைத் தொடவில்லை என்றால் தண்ணீருக்குள் போகும். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சிரித்தபோது, "நாங்க குஞ்சு திங்கிற ஊரு இல்லடே" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள். பெண் கொடுக்கப் போன இடத்தில்கூட இதைச் சொன்னார்கள்.

ஐந்து வருஷம் போயிற்று. இஞ்ஞாசி ஒருநாள் காலையில் வந்து நின்றார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"சின்னத விட்டாச்சு. ஒருத்தனும் ஏமாத்தல, நானே பாத்தேன். பெருசத்தான் பிடிக்கோம். இருந்தும் காயல்ல மீன் கொறையுது. ஏன்?"

அளவுக்காரம்மா கையில் இருந்த மீனை அளந்து முடித்தார். எண்ணை எழுதினார்.

"இன்னைக்கு வர்ற கொடுவாவுல பன்னெண்டு எனக்குக் காட்டுங்க. லாரில ஏத்துறதுக்கு முன்னாடி."

மத்தியானம் பன்னிரண்டு மீன் மணலில் வரிசையாகக் கிடந்தன. இரண்டடியிலிருந்து இரண்டே முக்கால் அடி வரை. அளவுக்காரம்மா முதல் மீனின் வயிற்றைக் கட்டைவிரலால் நீவினார். அடியில் வெள்ளையாகப் பால் போல ஒரு சொட்டு வந்தது.

"இது என்ன அண்ணாச்சி?"

"ஆம்பள."

அடுத்ததை அவரையே நீவச் சொன்னார். வெள்ளை. அதற்கடுத்தது. வெள்ளை. ஏழாவது மீனில் இஞ்ஞாசியின் கை கொஞ்சம் தயங்கியது. பன்னிரண்டையும் நீவி முடித்துவிட்டுக் கையைத் தண்ணீரில் கழுவினார்.

"எல்லாம் ஆம்பளயா இருக்கு."

"ஆமா."

"நாங்க இதையெல்லாம் இன்னும் சினை பிடிக்காத பொட்டைன்னுல்ல நெனச்சோம்."

"கொடுவா பொறந்து வளரும்போது ஆம்பளைதான். மூணு நாலு வயசுல பருவத்துக்கு வரும், அப்பவும் ஆம்பளைதான். அப்புறம் ஆறு ஏழு வயசுல, மூணடி தாண்டினதும், பொம்பளையா மாறும். பொம்பளையாவே பொறக்கிறது ஒண்ணு ரெண்டுதான் இருக்கும்."

இஞ்ஞாசி வரிசையைப் பார்த்தார். நாற்பது வருஷமாகக் கொடுவா பிடிக்கிறவர். பெரிய மீனை ஒருநாளும் அறுத்ததில்லை. பெரியது கரைக்கு வந்த கையோடு ஐஸில் முழுசாக லாரிக்குப் போய்விடும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது எங்கேயோ தூரத்தில் இருக்கும் ஓட்டல்காரன். ஊரில் குழம்பு வைப்பது வேறு வகைச் சின்ன மீன்.

"அப்ப பொம்பள எங்க?" என்றார்.

"உங்க வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்கு. பதினொண்ணு."

இஞ்ஞாசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நான்கு நாள் அந்தப் பக்கம் வரவில்லை.

அவர் கோபப்பட்டதில் நியாயம் உண்டு, ஏனென்றால் கூடத்தில் மாட்டியிருந்த அந்தப் பதினொரு மீன் போட்டோ வெறும் போட்டோ அல்ல. கார்த்திகையில் மாதா கோயில் திருவிழா. திருவிழாவுக்கு முன்னால் ஒன்பது நாள் நவநாள். அந்த ஒன்பது நாளில் யார் பிடிக்கிற கொடுவா எல்லாவற்றையும் விடப் பெரியதோ, அவருக்குத் தேர்வடத்தில் முதல் பிடி. அவர் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். பாட்டன் காலத்துக்கு முந்திய முறை. மழை பெய்து பொழிமுகம் திறந்து காயல் தண்ணீர் கடலோடு சேரும் காலம் அது. பெரிய மீன்களெல்லாம் முட்டை போடப் பொழிமுகத்துக்கு வந்து கூடும் காலமும் அதுவேதான். மொத்த ஊரும் நாற்பது வள்ளத்தில் அந்த ஒன்பது நாளும் பெரிய மீனை மட்டும் தேடும்.

இஞ்ஞாசியின் அப்பா பதினொரு வருஷம் முதல் பிடி பிடித்தவர். இஞ்ஞாசிக்கும் பதினொன்று ஆகிவிட்டது. இந்தக் கார்த்திகையில் கிடைத்தால் பன்னிரண்டு. அப்பாவை மிஞ்ச வேண்டும் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் அவர் பெண்டாட்டிக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும்.

ஐந்தாம் நாள் அவர் வந்தார். வரும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

"பதினோரு வருசத்துல பதினோரு மீனு. அதுலயா காயல் அழிஞ்சுபோச்சு? கேக்கேன்."

அளவுக்காரம்மா எழுந்து உள்ளே போனார். முந்தின நாள் கஸ்பார் என்கிற இன்னொரு மீன்காரரின் வலையில் அகப்பட்ட மூன்றரை அடி மீனின் சினையை அவர் எடுத்து வைத்திருந்தார். ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதிலிருந்து ஒரு கிள்ளு எடுத்துச் சின்னத் தராசில் நிறுத்தார். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. அதைக் கறுப்புத் தட்டில் வைத்துத் தண்ணீர் விட்டுக் கலைத்து, ஓர் ஊசியையும் தன் பூதக்கண்ணாடியையும் இஞ்ஞாசியிடம் கொடுத்தார். "எண்ணுங்க" என்றார்.

"என்னது?"

"முட்டை."

இஞ்ஞாசி எண்ண ஆரம்பித்தார். நூறு ஆனதும் ஒரு சோழியைத் தனியாக வைத்தார். வெயில் ஏறியது. நடுவில் யாரோ சாப்பிட்டாச்சா என்று கேட்டதில் எண்ணிக்கை தவறி, கேட்டவரைத் திட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மூன்றாவது தடவைதான் ஒழுங்காக முடிந்தது. பதினொரு சோழி.

"ஆயிரத்து நூறு."

"மொத்தச் சினை ஆயிரத்து இருநூறு கிராம். இந்தக் கிள்ளு மாதிரி அதுல பன்னெண்டாயிரம் இருக்கு."

இஞ்ஞாசி பெருக்கிப் பார்த்தார். விரலால் மணலில் போட்டுப் பார்த்தார். அழித்துவிட்டு மறுபடியும் போட்டார். ஒரு கோடியே முப்பத்திரண்டு லட்சம் வந்தது.

"ஒரே மீனுல."

"ஒரே மீனுல. ஒரே தடவைக்கு."

"கோடி முட்டையில எத்தன பொழைக்கும்?"

"ரெண்டு. நல்ல வருஷம்னா மூணு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவு போதும். ஆனா கோடி இருந்தாத்தான் அந்த ரெண்டு."

இஞ்ஞாசி ஊசியைத் தட்டில் வைத்தார்.

"சின்னத விட்டு பெருசப் பிடின்னு சொன்னது நீங்கதானே அம்மா?"

"நான்தான்."

"அப்ப தப்பு உங்க மேலயும் இருக்கு."

"பாதிக்கு மேல என் மேலதான். சின்னதை விடுங்கன்னு சொன்னேன். பெருசையும் விடுங்கன்னு சொல்லல. துடுப்புல ரெண்டு கோடு போடச் சொல்லியிருக்கணும், ஒண்ணு போடச் சொல்லிட்டேன்."

"குருவே தப்புப் பண்ணலாமா?"

"அதனாலதான் தினமும் அளக்கிறேன்."

இஞ்ஞாசி சோழிகளைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நவநாள் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது ஊர்க்கூட்டம் நடந்தது. அளவுக்காரம்மா எழுந்து நின்று தன் தப்பை முதலில் சொன்னார். பிறகு பன்னிரண்டு ஆண் மீனைப் பற்றியும் கோடி முட்டையைப் பற்றியும் சொன்னார். மூன்றடிக்கு மேற்பட்ட கொடுவாவை இனிமேல் விட்டுவிட வேண்டும், துடுப்பில் இரண்டாவது கோடு போட வேண்டும் என்றார்.

கஸ்பார் எழுந்தார். இஞ்ஞாசிக்கு அடுத்தபடி காயலில் கெட்டிக்காரர். ஆறு தடவை இரண்டாவதாக வந்து, முதல் பிடியை ஒருமுறைகூடத் தொடாதவர்.

"கீழயும் ஒரு கோடு, மேலயும் ஒரு கோடு. அப்ப நடுவுல இருக்கறதத்தான் பிடிக்கணும். நடுவுல பிடிச்சவனுக்கு மாதா முதல் பிடி குடுப்பாளாம்மா?"

கூட்டம் சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாகத் தீர்மானம் தோற்றுவிட்டது. இஞ்ஞாசி சிரிக்கவில்லை, பேசவும் இல்லை. கூட்டம் கலைந்து எல்லோரும் போனபின் அளவுக்காரம்மாவிடம் வந்தார்.

"நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஊரு கேட்டிருக்கும்."

"கேட்டிருக்கும்."

"பின்ன ஏன் நீங்க என்னையச் சொல்லச் சொல்லல?"

"எண்ணச் சொன்னேன். எண்ணினீங்க. அதுக்கு மேல சொல்ல எனக்கு என்ன அண்ணாச்சி இருக்கு?"

"நான் என்ன செய்யணும்னாவது சொல்லலாமுல்லா."

"முதல் பிடி உங்களுக்கா எனக்கா?"

இஞ்ஞாசி வீட்டுக்குப் போனார். அன்று சோறு இறங்கவில்லை என்று அவர் பெண்டாட்டி பிறகு சொன்னாள்.

நவநாள் வந்தது. இஞ்ஞாசி தூண்டிலை எடுத்துக்கொண்டு போனாரா என்றால், போனார். அதை மறைத்து அவரைப் பெரிய மனிதராக்குவதில் எனக்கு விருப்பமில்லை. பன்னிரண்டாவது பிடிக்காகத்தான் போனார். ஒவ்வொரு நாளும் பொழிமுகத்தில் வள்ளத்தை நிறுத்தி, உயிர் மடவை மீனைத் தூண்டிலில் கோத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். எட்டு நாள் ஒன்றும் கடிக்கவில்லை. ஆறாம் நாள் கஸ்பார் பத்தொன்பது கிலோவில் ஒன்று கொண்டுவந்து கோயில் முன்னால் ஐஸில் கிடத்தினார். இஞ்ஞாசி அதைப் போய்ப் பார்த்துவிட்டு, "நல்ல மீனுதான்" என்றார்.

ஒன்பதாம் நாள் காலை மழை. காயலில் இரண்டே வள்ளம். ஒன்று இஞ்ஞாசியுடையது. கூப்பிடு தூரத்தில் இன்னொன்று, கஸ்பாருடையது. தன் மீனை யாராவது மிஞ்சுகிறார்களா என்று பார்க்கத்தான் அவர் வந்திருந்தார். மீன் பிடிக்க அல்ல.

எட்டு மணி வாக்கில் கடித்தது. முதல் இழுப்பிலேயே இஞ்ஞாசிக்குத் தெரிந்துவிட்டது. கயிறு கையை அறுத்துக்கொண்டு போனது. விட்டுப் பிடித்தார், இழுத்து விட்டார். வள்ளம் இரண்டு தடவை திரும்பியது. முக்கால் மணி நேரம் கழித்து வள்ளத்தின் ஓரத்தில் அது மிதந்து வந்தது. வெள்ளி நிற முதுகு, சிவந்த கண், அகலமான வாய். வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. துடுப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். சிவப்புக் கோட்டைத் தாண்டி, அதற்கு மேலும் அதே அளவு போய், இன்னும் இரண்டு விரல் நீண்டது. நாலடி இரண்டு விரல். கஸ்பாரின் மீன் இதற்குப் பிள்ளை.

அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. வடத்தில் கை வைக்கும்போது மொத்த ஊரும் ஒரு நொடி பேச்சை நிறுத்துமே, அது ஞாபகம் வந்தது. அந்த ஒரு நொடிக்காக அவர் என்னவும் செய்வார். பதினொரு வருஷமாகச் செய்துகொண்டுதான் இருந்தார்.

பிறகு மீனின் வயிற்றைப் பார்த்தார். மனசு தானாக எண்ண ஆரம்பித்தது.

தூண்டில் முள்ளைக் கழற்றினார். மீனின் கீழ்த்தாடையைப் பிடித்துத் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு, செவுள் திறந்து மூடுகிற வரையில் அப்படியே குனிந்திருந்தார். கொஞ்ச நேரம் அது அசையவே இல்லை. செத்துப்போய்விட்டதோ என்று பயந்தார். பிறகு வால் ஒரு தடவை ஆடியது. அவர் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டு மீன் உள்ளே போயிற்று.

இஞ்ஞாசி அழுதார். மழை பெய்ததால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதால் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் கோயில் முன்னால் தராசு கட்டினார்கள். கஸ்பாரின் மீனைத் தொங்கவிட்டார்கள். ஊர்த்தலைவர் வழக்கம் போலச் சுற்றிலும் பார்த்தார்.

"இஞ்ஞாசி, உன் மீன் எங்க?"

"விட்டுட்டேன்."

"என்னத்த விட்ட?"

"கொடுவா. நாலடி ரெண்டு விரல். பெரிய பொட்டை. வயித்துல முட்டை. விட்டுட்டேன்."

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். இஞ்ஞாசியைப் பார்த்து இந்த ஊர் சிரித்ததே இல்லை. ஊர்த்தலைவர்கூட மீசையைத் தடவிக்கொண்டு, "எங்க பாட்டன் ஒருதரம் திமிங்கிலத்தையே விட்டாரு" என்றார். இஞ்ஞாசி கஸ்பாரைப் பார்த்தார். கஸ்பார் தன் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

முதல் பிடி கஸ்பாருக்கு என்று முடிவாயிற்று.

இஞ்ஞாசி அங்கிருந்து நேரே அளவுக்காரம்மாவிடம் வந்தார்.

"சொன்னேன். ஒருத்தனும் நம்பல."

"நான் நம்புறேன்."

"நீங்க பாக்கலயே."

"பாக்காத மீனைக் கணக்குப் போடுறதுதான் அண்ணாச்சி என் படிப்பே. எத்தனை அடி?"

"நாலடி ரெண்டு விரல்."

அளவுக்காரம்மா நோட்டைத் திறந்தார். கரைக்கு வந்த மீன்களின் பக்கத்தை விட்டுவிட்டு, பின்னால் ஒரு புதுப் பக்கம் எடுத்து, தேதி போட்டு, அந்த நீளத்தை எழுதினார். இஞ்ஞாசி மை காய்கிற வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் திருவிழா. கஸ்பார் வெள்ளை வேட்டி கட்டி, கைகழுவி, வடத்தில் முதல் பிடி பிடித்தார். ஊர் ஒரு நொடி பேச்சை நிறுத்தியது. இருபது வருஷமாக அவர் ஆசைப்பட்ட நொடி. பிறகு எல்லோரும் கை வைத்தார்கள். இஞ்ஞாசி கூட்டத்தோடு கூட்டமாக வடத்தின் கடைசியில் நின்று இழுத்தார். அவருக்கு வலித்தது, வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

தேர் கோயிலைச் சுற்றித் தெற்குத் தெரு முனைக்கு வந்ததும் கஸ்பார் நின்றார். முதல் பிடிக்காரர் நின்றால் தேரும் நிற்கும், அதுவும் முறைதான். என்ன ஏது என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கஸ்பார் வடத்தை விடாமலே திரும்பினார்.

"ஒரு விசயம். இத வச்சிக்கிட்டு இழுக்க முடியல. கனமா இருக்கு."

"என்னவே, வடமா?" என்றார் ஊர்த்தலைவர்.

"இல்ல. நேத்து இஞ்ஞாசி சொன்னது நெசம். நான் பாத்தேன். கூப்பிடு தூரத்துல நின்னேன். என் மீனு மாதிரி ஒண்ணரை மீனு அது. கையில பிடிச்சு, தல தடவி விட்டான். நான் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

மேளக்காரர்கூடக் கோலைத் தாழ்த்திவிட்டார்.

"அதுக்காக இந்த வடத்த நான் அவனுக்குக் குடுக்க மாட்டேன்" என்றார் கஸ்பார். "முறை முறைதான். கரைக்கு வந்தது என் மீனு. ஆனா பெரிய மீனு அவனோடது. இப்ப இழுங்க."

இழுத்தார்கள். வடத்தின் கடைசியில் இஞ்ஞாசியின் தோளில் யாரோ தட்டினார்கள். பிறகு இன்னொருவர். தேர் நிலைக்கு வருவதற்குள் அவர் தோள் சிவந்துவிட்டது. பதினொரு வருஷமும் முன்னால் நின்று இழுத்தவருக்கு, கடைசியில் நின்று இழுத்த அன்றைக்குத்தான் நெஞ்சு கொள்ளவில்லை.

மறுவாரமே ஊர் கூடியது. இந்த முறை அளவுக்காரம்மா பேச வேண்டியிருக்கவில்லை. இஞ்ஞாசி எழுந்து நின்று, தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற பதினொன்றும் பொம்பளை என்றும், ஒவ்வொன்றிலும் எத்தனை கோடி இருந்திருக்கும் என்றும் தன் வாயால் சொன்னார். கஸ்பார், "இந்த வருசத்தது என் வீட்டுல இருக்கு, அதையும் சேத்துக்க" என்றார். மூன்றடியில் இரண்டாவது கோடு போட்டார்கள். முதல் பிடியின் முறையையும் மாற்றினார்கள். இனி அந்த ஒன்பது நாளில் யார் பெரிய கொடுவாவை விடுகிறார்களோ, அவருக்கு முதல் பிடி.

மாசி மாதம் ஓடைக்கால்களில் இறால் வலை போட்ட பெண்கள், விரல் நீளக் கொடுவாக் குஞ்சுகள் வலையில் வருவதாகச் சொன்னார்கள். எடுத்து விடுவதற்கே நேரம் போகிறது என்று அலுத்துக்கொண்டார்கள். அந்த அலுப்பில் இருந்த பெருமையை மறைக்க அவர்களுக்குத் தெரியவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து துடுப்புகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு கோடு எதற்கு என்று கேட்டவர்களுக்கு, பள்ளிக்கூடம் போகாத ஆட்களெல்லாம் கொடுவா எப்படி ஆணிலிருந்து பெண்ணாகிறது என்று பாடம் நடத்தினார்கள்.

அடுத்த கார்த்திகை வந்தது. நவநாளின் ஐந்தாம் நாள் இஞ்ஞாசி அளவுக்காரம்மாவிடம் வந்தார். முகத்தில் எரிச்சல்.

"அம்மா, இது சரிப்படாது."

"என்ன ஆச்சு?"

"பிடிச்ச மீனுன்னா தராசுல வைக்கலாம். விட்ட மீனுக்குச் சாட்சி ஏது? டீக்கடைக்குப் போயி நின்னு பாருங்க. ஒருத்தன் நாலர அடி விட்டேங்கான். அடுத்தவன் அதவிட ரெண்டு விரல் கூட விட்டேங்கான். ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுதானுவ, டீ கிளாஸ் வைக்க எடமில்ல. கஸ்பார் நேத்து விட்டது அஞ்சே கால் அடியாம். இந்தக் காயல்ல எவன் அப்பன் பாத்தான் அஞ்சே கால் அடி?"

"நீங்க எவ்வளவு விட்டீங்க?"

இஞ்ஞாசி கொஞ்சம் தயங்கினார். "நாலே முக்கால்" என்றார்.

"அளந்தீங்களா?"

"கிட்டத்தட்ட."

அளவுக்காரம்மா சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டார்.

"நீங்க சிரிக்காதீங்க" என்றார் இஞ்ஞாசி. "ஒரு நல்ல காரியத்தத் தொடங்கி வச்சோம். அது பூரா இப்பப் பொய்யாப் போச்சு. ஊரே பொய் சொல்லுது. இத எப்பிடி நிறுத்துறது?"

அளவுக்காரம்மா பலகையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"நாப்பது ஊருல மீன் அளந்துட்டேன் அண்ணாச்சி. எல்லா ஊருலயும் பொய் கேட்டிருக்கேன். பிடிக்காத மீனைப் பிடிச்சேன்னுதான் சொல்லுவாங்க. பிடிக்காத மீனை விட்டேன்னு சொல்ற ஊர் இது ஒண்ணுதான். நிறுத்தாதீங்க, சொல்லட்டும்."